லண்டன் முறை: எதிராளியைப் பார்க்காத திறப்பா?

லண்டன் முறை என்பது வெள்ளைக் காய்களுடன் ஆடுபவர் பயன்படுத்தும் ஒரு சதுரங்கத் திறப்பு. 1922ஆம் ஆண்டு லண்டனில் நடந்த போட்டியை ஒட்டி இந்தப் பெயர் வந்தது. டி4, இ3, சி3 கட்டங்களில் காலாட்கள் கூரைபோல் நிற்கும். இ3 காலாள் நகரும் முன்பே கருங்கட்ட அமைச்சர் எஃப்4க்கு வந்துவிட வேண்டும்; தாமதித்தால் சொந்தக் காலாளுக்குப் பின்னால் அடைபட்டுவிடும். எதிராளி என்ன ஆடினாலும் எட்டுப் பத்து நகர்த்தல்களில் இதே அமைப்பைக் கட்டிவிடலாம் என்பது இதன் கவர்ச்சி. அபிராமபுரம், மயிலாப்பூர் பக்கம் செஸ் வகுப்புக்குப் போகும் சிறுவர்கள் பலர் முதலில் கற்பதும் இதுதான்.

அந்த 'என்ன ஆடினாலும்' என்பதுதான் கோளாறு. பசுவைப் பற்றிய கட்டுரையை மனப்பாடம் செய்தவன், தேர்வில் தென்னை மரம் வந்ததும் பசுவைக் கொண்டுபோய் மரத்தில் கட்டிய கதை ஆசிரியர்களுக்குத் தெரியும். இங்கும் அதுவே நடக்கிறது. கறுப்பு சி5 ஆடி, அரசியை பி6க்குக் கொண்டுவந்தால் பி2 காலாள் தாக்கப்படும். அதற்குக் காவலாக இருந்த அமைச்சர்தான் முதலிலேயே வெளியே போய்விட்டதே! கறுப்பு ஜி6 ஆடி அமைச்சரை ஜி7இல் வைத்தாலோ, டி3இலிருந்து எச்7ஐக் குறிவைக்கும் வெள்ளை அமைச்சருக்கு வழி அடைபடும். டி6க்குப் பிறகு இ5 வந்தால் எஃப்4 அமைச்சரும் ஓட வேண்டும். மனப்பாடம் செய்த பிள்ளை அப்போதும் அடுத்த காயை அதே இடத்தில்தான் வைக்கிறது.

உலகச் சாம்பியனே இதை ஆடினாரே என்பார்கள். 2023இல் அஸ்தானாவில் நெப்போம்னியாச்சிக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் டிங் லிரென் இதை ஆடி வென்றார், உண்மை. ஆனால் ஆறாவது நகர்த்தலிலேயே இ3 காலாள் டி4இல் வெட்டி அமர்ந்தது, கூரை கலைந்தது. ஒன்பதாவதில் அந்தப் புகழ்பெற்ற அமைச்சரும் வெட்டுப்பட்டுப் போனது. வெற்றி அதற்குப் பிறகு நடந்த ஆட்டத்தில் கிடைத்தது.

2024இல் சிங்கப்பூரில் அதே டிங், மீண்டும் ஆறாவது ஆட்டத்தில், நம் சென்னையின் குகேஷுக்கு எதிராக லண்டன் முறையை எடுத்தார். நிலையைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து சமன் செய்யும் வாய்ப்பு இருந்தும் குகேஷ் அதைத் தவிர்த்து ஆடினார். 46 நகர்த்தல்களில் ஆட்டம் சமனானது.

தொடக்க நிலை மாணவருக்கு இந்தத் திறப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நேரம் குறைந்த ஆட்டங்களில் பெரிய உதவி. சொல்லித்தரும்போது அஸ்தானா ஆட்டத்தை ஒன்பதாவது நகர்த்தலில் நிறுத்தி, 'இனி வெள்ளை என்ன செய்யலாம்?' என்று கேளுங்கள். பதினெட்டாவதில் டிங் தன் யானையை ஏ3 வழியாக வெளியே கொண்டுவந்ததைப் பிறகு காட்டலாம்.