பொதுநிலையினர்: ஒரு சொல்லும் சில பேட்டிகளும்

கத்தோலிக்கத் திருச்சபையில் குருக்களும் துறவிகளும் அல்லாத மற்ற எல்லோருக்கும் தமிழில் 'பொதுநிலையினர்' என்று பெயர். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65) பிறகான எழுத்துகளில் இச்சொல் திரும்பத் திரும்ப வரும். நம்பிக்கை, பொது வாழ்வு என்ற தலைப்பில் நான் எடுத்த பேட்டிகளில் ஒரு விசித்திரம். பொது வாழ்வைப் பற்றிக் கேட்டால் பொதுநிலையினர், "அதெல்லாம் சாமிகிட்ட கேளுங்க" என்று ஒதுங்குகிறார்கள். சாமியோ முக்கால் மணி நேரம் பேசுகிறார். சமூகநீதி, விடுதலை, விளிம்புநிலை மக்கள் எல்லாம் வருகின்றன. நல்ல பேச்சுதான். ஆனால் 'பொது' என்பது பெயரில் ஒருவரிடமும் பேச்சில் இன்னொருவரிடமும் இருக்கிறதே, இதை எப்படி வாசிப்பது?

பேட்டிகளைச் சமவெளியில் சில பங்குகளில் செல்போனில் பதிவு செய்தேன். கேட்டு எழுத வாய்த்த இடம் கொல்லிமலையில் எடப்புளி நாடு. நண்பரின் மாமனார் வீட்டுத் திண்ணை, எதிரே மரவள்ளிக் காடு. வீட்டுப் பெரியவர் மலையாளிப் பழங்குடி (கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை). அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். சாமியாரின் குரல் ஓடியபோது வெற்றிலை மென்றபடி இருந்தார். பிறகு ஒரு கூலித் தொழிலாளியின் குரல் வந்தது. தலித், கத்தோலிக்கர். இரண்டு நிமிடம் கேட்டுவிட்டுப் பெரியவர் சொன்னார்: "ஏன் தம்பி, இந்தாளு என்னத்தையோ ஒளிச்சு ஒளிச்சுப் பேசறாரே. போலீசுல மாட்டிக்கிட்டாரா?"

சிரித்துவிட்டேன். அப்புறம் அந்தப் பதிவை முதலிலிருந்து போட்டுக் கேட்டேன். பெரியவர் சொன்னது சரி. "ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவீங்களா?" என்று நான் கேட்கிறேன். நீண்ட மௌனம். பிறகு, "இத எங்க போடுவீங்க?"

அது கூச்சமல்ல, சட்டம். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே. மதம் மாறியவர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுகிறார். அதனால்தான் கோயில் பதிவேட்டில் ஒரு பேரு, பள்ளிக்கூடத்தில் ஒரு பேரு. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் இந்த மத நிபந்தனையை நீக்கச் சொன்னது. தமிழகச் சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானமே போட்டது. ஆனால் 2024 நவம்பரில், புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், உச்ச நீதிமன்றம் அவர் ஞானஸ்நானம் பெற்றதையும் தவறாமல் கோயிலுக்குப் போவதையும் கணக்கில் எடுத்து, பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடையாது என்று முடித்தது. "பூசைக்குப் போவீங்களா?" என்ற என் கேள்வி கிராம நிர்வாக அலுவலரின் கேள்வியும்தான். என் கையில் நோட்டு, அவர் கையிலும் நோட்டு. பேட்டி கொடுப்பவருக்கு வித்தியாசம் தெரிய வேண்டிய அவசியம் என்ன?

மலைமேல் கதை வேறு. பழங்குடிப் பட்டியலில் மதம் பற்றிய நிபந்தனை இல்லை. எடப்புளி நாட்டில் ஒரு மலையாளி வேதத்துக்குப் போனாலும் மலையாளிதான். சான்றிதழ் அப்படியே இருக்கும். பெரியவருக்கு அந்தக் குரலின் பயம் விநோதமாகப் பட்டதற்குக் காரணம் இது என்று நினைக்கிறேன். மதம் மாறிய பழங்குடிகளைப் பட்டியலிலிருந்து நீக்கு என்ற கோரிக்கை வடக்கே பல ஆண்டுகளாக எழுப்பப்பட்டு வருகிறது. அது நிறைவேறினால் இந்தத் திண்ணையிலும் அதே மௌனம் வந்து உட்காரும். (கொல்லிமலைக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்தவர்களில் நன்கு அறியப்பட்ட ஜெஸ்ஸி, எவலின் பிராண்ட் தம்பதியர் கத்தோலிக்கர் அல்ல, பாப்டிஸ்ட்டுகள். 1929-இல் ஜெஸ்ஸி இங்கேயே இறந்தார். அவர்கள் கதை ஆங்கிலத்தில் விரிவாக இருக்கிறது. அவர்களிடம் பேசிய மலையாளிகளின் பேச்சு நமக்கு அந்த ஆங்கிலத்தின் வழியாகத்தான் கேட்கிறது.)

கத்தோலிக்கருக்குக் கேள்வி கேட்கப்படுவது புதிதல்ல. தமிழ் எழுத்துகளில் அச்சான முதல் புத்தகம் 1578-இன் 'தம்பிரான் வணக்கம்'. இரண்டே ஆண்டில், 1580-இல், அதே ஹென்றிக்கஸ் அடிகள் பாவசங்கீர்த்தனக் கையேடு ஒன்றை அச்சிட்டுவிட்டார். எதைக் கேட்க வேண்டும், எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்பது தமிழ் அச்சின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. பாவசங்கீர்த்தனத்தில் அதிகாரம் பேசுகிறவனிடம் இல்லை, மௌனமாகக் கேட்கிறவனிடம் இருக்கிறது என்றார் ஃபூக்கோ. நானூற்றுச் சொச்சம் ஆண்டுகளாக முழங்காலிட்டுப் பழகிய ஒரு தன்னிலையின் முன்னால் நான் செல்போனை நீட்டியிருக்கிறேன். சாமிக்கு அந்தக் கஷ்டம் இல்லை; அவர் கேட்டுப் பழகியவர், அதனால் பேசவும் தெரிகிறது. 2021-இல் போப் பிரான்சிஸ் தொடங்கிவைத்த கூட்டியக்கச் செயல்பாட்டில் உலகமெங்கும் பங்கு பங்காகப் பொதுநிலையினரின் கருத்தைக் கேட்டார்கள். நல்ல காரியம். என்றாலும் கேட்டதைத் தொகுத்து மேலே அனுப்பியது யார் கை என்ற கேள்வி நிற்கத்தான் செய்கிறது.

குருவுக்கு இழப்பே இல்லை என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். திருச்சிப் பக்கம் விரகாலூரில் பிறந்த இயேசு சபைக் குரு ஸ்டேன் சுவாமி ஜார்க்கண்டில் பழங்குடிகளோடு இருந்தார். தேசியப் புலனாய்வு முகமை ஐந்து நாட்களில் பதினைந்து மணி நேரம் தன்னை விசாரித்ததாக, 2020 அக்டோபரில் கைதாவதற்குச் சற்றுமுன் பதிவு செய்த காணொளியில் தானே சொன்னார். 2021 ஜூலை 5 அன்று, பிணை கிடைக்காமலேயே இறந்தார். விசாரணையும் ஒரு நேர்காணல்தான். அதற்கு எதிராக, கேட்பவர் யாருமில்லாமல் தானே பேசிவைத்த அந்தச் சில நிமிடங்களுக்கு முன்னால் என் பேட்டிகள் ஒன்றுமில்லை.

பொதுநிலையினர் பேசவே இல்லையா? இடிந்தகரையில் 2011 முதல் லூர்து மாதா கோயில் முன்னால் பந்தலில் உட்கார்ந்தவர்களில் பெரும்பகுதி மீனவப் பெண்கள். அணு உலையைப் பற்றி அவர்கள் விவரமாகவே பேசினார்கள். ஆனால் வெளியே இருந்தவர்கள் கேட்டது வேறு: பின்னால் இருப்பது யார், சாமியாரா, வெளிநாட்டுப் பணமா? 2012 பிப்ரவரியில் பிரதமர் மன்மோகன் சிங்கே 'சயின்ஸ்' இதழ்ப் பேட்டியில் அமெரிக்கத் தன்னார்வ நிறுவனங்களைக் கைகாட்டினார். ஒரு பெண் தன் கடலைப் பற்றித் தானே யோசித்திருப்பாள் என்பது மட்டும் எந்தச் சொல்லாடலிலும் இடம்பெறவில்லை. எறையூரில் 2008 மார்ச்சில் நடந்தது இதன் மறுபக்கம். தலித் கத்தோலிக்கர்கள் சம உரிமை கேட்டார்கள், தனிப் பங்கு கேட்டார்கள். சாதிக் கிறிஸ்தவர்கள் எதிர்த்தார்கள். கலவரம், துப்பாக்கிச் சூடு, இரண்டு சாவு. அங்கே விசுவாசத்தைப் பற்றி யாரும் யாரையும் பேட்டி காணவில்லை. பிணம் எந்தத் தெரு வழியாகப் போவது என்பதில் எல்லோருடைய பதிலும் வெளிவந்துவிட்டது.

என் கேள்விகளில்தான் கோளாறு. 'உங்கள் நம்பிக்கை உங்கள் பொது வாழ்வை எப்படிப் பாதிக்கிறது?' என்பது சாமியாருக்காகவே செய்த கேள்வி. 1992-இல் வந்த பாமாவின் 'கருக்கு' இப்படிப்பட்ட கேள்விக்குப் பதிலாக எழுதப்பட்டிருந்தால் நாலு பக்கத்தில் முடிந்திருக்கும். அதற்குப் பதில், தேர் எந்தத் தெருவில் திரும்புகிறது, கல்லறையில் சுவர் எங்கே இருக்கிறது, கோயில் கமிட்டியில் யார் வீட்டு ஆள் இருக்கிறார் என்று கேட்டிருக்க வேண்டும். இவற்றுக்குப் பூசைக்குப் போவதை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஊர்க்காரன் என்ற முறையில் பதில் சொல்லலாம்.

அந்தத் தொழிலாளியின் பதிவு பதினோரு நிமிடம். கடைசியில் அவர், "அமத்திடுங்க சார்" என்கிறார். அமர்த்திவிட்டேன். அதற்குப் பிறகு அரை மணி நேரம் கல்லறையைப் பற்றிப் பேசினார். எடப்புளி நாட்டுத் திண்ணையில் பெரியவர், "அவ்வளவுதானா, மிச்சம் எங்க?" என்று கேட்டபோது செல்போனில் ஒன்றும் இல்லை. எனக்கு நினைவிருந்தது. அவரிடம் சொன்னேன். இங்கே எழுதவில்லை.