உப்பு மழை

திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகும் சாலையில், விராலிமலையைத் தாண்டினால் கொடும்பாளூர் வந்துவிடும். மூவர் கோயிலைப் பார்ப்பதற்காக நானும் ஒரு நண்பரும் போய்க்கொண்டிருந்தோம். வழிக்குத் துணையாக இருக்கட்டுமே என்று காரில் சுசீலா ராமனின் 'ஸால்ட் ரெயின்' ஆல்பத்தைப் போட்டேன். நண்பர் முப்பது வருஷமாக மார்கழிக் கச்சேரிகளைத் தவறவிடாதவர். 'நகுமோமு' ஆரம்பித்து அரை நிமிஷம் ஆகவில்லை. "நிறுத்துங்கள் ஸார், கோயிலுக்குப் போகிறபோது இந்தப் பாவம் வேறா?" என்றார். பாட்டை நிறுத்திவிட்டேன். விவாதம் நிற்கவில்லை.

சுசீலா ராமன் 1973ல் லண்டனில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர், ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். வீட்டில் கர்நாடக சங்கீதம் கற்றார். வயசு வந்ததும் கிட்டாரும் டிரம்ஸும் முழங்கும் கோஷ்டியில் பாடினார். பிறகு இந்தியாவுக்கு வந்து சுருதி சடோலிகரிடம் ஹிந்துஸ்தானி பயின்றார். லண்டன் திரும்பி, சாம் மில்ஸ் என்ற கிட்டார் கலைஞருடன் சேர்ந்து 2001ல் வெளியிட்ட முதல் தனி ஆல்பம்தான் இது. பிரிட்டனின் மெர்க்குரி பரிசுக்கு அந்த வருஷம் தேர்ந்தெடுத்த சில ஆல்பங்களில் இதுவும் ஒன்று.

தியாகராஜரும், மைசூர் வாசுதேவாச்சாரின் 'மாமவது'வும், அமெரிக்கரான டிம் பக்லியின் கடற்பாட்டும், அவர் தாமே எழுதிய ஆங்கிலப் பாட்டுகளும் இதில் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. கேட்டவுடன் கதம்பம் என்று ஒதுக்கத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

நண்பரின் குறையில் நியாயம் இல்லாமலில்லை. கச்சேரி மேடையில் கிடைக்கும் விஸ்தாரம் இங்கே கிடையாது. கமகங்கள் சில இடங்களில் மெலிந்துபோகின்றன. ஹிந்தோளத்தின் முழு உருவத்தையும் எதிர்பார்த்து 'மாமவது'வைக் கேட்பவன் பசியோடுதான் எழுந்திருப்பான். இதையெல்லாம் மூடி மறைப்பது விமர்சனமல்ல, உபசாரம்.

ஆனால் 'நகுமோமு' எதைப் பற்றிய பாட்டு? வரவேண்டியவன் வராமல் இருப்பதையும், நடுவே கிடக்கும் தூரத்தையும் நினைத்து ஏங்கும் பாட்டு. தூர தேசத்தில் வளர்ந்த ஒரு பெண் அதைப் பாடும்போது, அந்தத் தூரம் வெறும் சாகித்யமாக நிற்கவில்லை. தொண்டையில் வந்து அடைக்கிறது. பக்லியின் பாட்டிலும் கடலுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் அழைக்கிறது. இரண்டும் ஏன் ஒரே ஆல்பத்தில் இருக்கின்றன என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உப்பு மழை என்றால் கண்ணீர் என்றும் கொள்ளலாம், கடல் என்றும் கொள்ளலாம்.

"கிருதியை மாற்ற இவர்கள் யார்?" என்றார் நண்பர். அவர் உயிராக மதிக்கும் 'நகுமோமு'வே மாறி வந்ததுதான். தியாகராஜர் காலத்து ஆபேரிக்குச் சுத்த தைவதம் என்று சங்கீதம் அறிந்தவர்கள் சொல்கிறார்கள்; இன்று மேடையில் ஒலிப்பது சதுச்ருதி தைவதம். அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்ததில் முசிரி சுப்பிரமணிய ஐயரின் கிராமபோன் தட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. கிராமபோனையும் ஒரு காலத்தில் பாவம் என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள்.

கொடும்பாளூரில் இறங்கினோம். இருக்குவேளிர் தலைவன் பூதி விக்கிரமகேசரி, தன் பெயரிலும் கற்றளி, வரகுணை என்ற இரு தேவியர் பெயரிலும் எடுத்த மூன்று விமானங்களில் இரண்டுதான் நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் மிச்சம். கல்லுக்கே இந்தக் கதி.

இந்த ஜில்லாவிலேயே குடுமியான்மலையில் இதைவிடப் பெரிய பாடம் இருக்கிறது. ஏழு கிராம ராகங்களின் சுரங்களைப் பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். மாணாக்கர்களின் நன்மைக்காக ஒரு மன்னர் செய்த காரியம். எழுத்து அழியவில்லை. ஆனால் அந்தச் சுரங்கள் அன்று எப்படி ஒலித்தன என்று பாடிக் காட்ட இன்று ஆளில்லை. வாய்க்கு வாய் வந்த தொடர்பு அறுந்துவிட்டது. தியாகராஜர் பாறையில் எதையும் வெட்டவில்லை. சிஷ்யர்களின் வாயில் விட்டுப் போனார். வாய் என்றால் மாறத்தான் செய்யும். மாறுவதால்தான் பாட்டு நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இந்த ஆல்பத்தோடு சுசீலா ராமன் நின்றுவிடவில்லை. பத்து வருஷம் கழித்து, 2011ல், 'வேல்' என்ற ஆல்பத்தில் தமிழில் முருகனைப் பாடினார். தூரத்தில் நின்று ஏங்கியவர் வாசலுக்கே வந்துவிட்டார்.

திரும்பும்போது விராலிமலை கண்ணில் பட்டது. நண்பர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்த நகுமோமுவை விட்ட இடத்திலிருந்து போடுங்கள். பிடிக்கவில்லை என்று சொல்லவாவது முழுக்கக் கேட்க வேண்டாமா?" என்றார்.

போட்டேன்.