காதுக்கு ஆங்கிலம், கண்ணுக்குச் சிங்களம்

கண்டியிலிருந்து ஏ9 வீதியில் மாத்தளைப் பக்கம் போனால் வழியில் வரும் அக்குறணையில் வீட்டிலும் பள்ளியிலும் தமிழ், கடைத்தெருவில் சிங்களம். ஆங்கிலப் பேச்சு பலருக்குத் தொலைக்காட்சியில்தான் காதில் விழுந்தது. 1982இல் அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினி வந்தபின், ஆங்கிலத் தொடர்கள் பெரும்பாலும் மூலக்குரலோடும் அடியில் ஓடும் சிங்கள எழுத்தோடும் வந்தன. "நானா, அவன் என்னத்தச் சொல்ற?" என்று தம்பி கேட்பான். மூத்தவன் சிங்களத்தை வாசித்துத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வசனம் போய்விடும்.

அப்படியும் காது பழகியது. கோபத்தில் ஆங்கிலம் எப்படி ஏறும், கெஞ்சும்போது எப்படித் தணியும் என்பது பதிந்தது. ஆங்கிலத்தைச் சிங்களத்தில் 'கடுவ', அதாவது வாள், என்று பல்கலைக்கழக மாணவர் அஞ்சிப் பேசும் நாட்டில் இது சிறிய பேறல்ல. சிறுவர் படங்களின் கதை வேறு. சிங்களத் திரைப்பட இயக்குநர் டைட்டஸ் தொட்டவத்தவின் கைவண்ணத்தில் பக்ஸ் பன்னி 'ஹா ஹா ஹரி ஹாவா' ஆகிச் சிங்களமே பேசியது.

தமிழ்நாட்டில் குரல்மாற்றம்தான் பெருவழக்கு. 2007இல் தொடங்கிய சிறுவர் அலைவரிசையான சுட்டி டிவியில் கார்ட்டூன் சிறுமி டோரா தமிழ் பேசினாள். அமெரிக்க மூலத்தில் ஸ்பானியச் சொற்களைக் கற்பிப்பவள், இங்கே ஆங்கிலச் சொற்களைக் கற்பித்தாள். எண், நிறம் போன்ற தனிச்சொற்கள் அப்படி வந்துவிடும். மரபுத்தொடர் வராது. 'புல்லிங் மை லெக்' என்பதை மரபுத்தொடர்ப் பட்டியலில் படிக்கும் நம் பிள்ளை, காலை வாரிவிடுவதாகத்தான், துரோகமாகத்தான் எடுத்துக்கொள்ளும். சொன்னவன் முகத்தில் சிரிப்பைக் கண்டால் அது வெறும் கிண்டல் என்று உடனே புரியும். அந்த முகத்தைக் காட்டுவது காட்சி மட்டுமே.

1977இல் இலண்டனில் தொடங்கிய 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' தொடரின் உயிரே இதுதான். பல நாட்டு மாணவர் மரபுத்தொடரைச் சொல்லுக்குச் சொல் பொருள்கொண்டு தடுமாறுவார்கள். ஆசிரியர் பிரவுன் திருத்துவார். ஒவ்வொரு நாட்டாரையும் ஒரு கேலி அச்சில் வார்த்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஆனாலும் அந்த வகுப்பறை ஆங்கிலம் இலங்கையில் அப்படியே கேட்டது. இந்தியாவில் 1993இல் அத்தொடரைத் தழுவி 'ஜபான் சம்பால்கே' எடுத்தார்கள். அதில் ஆசிரியராக நடித்த பங்கஜ் கபூர் கற்பித்தது இந்தி. நல்ல தழுவல்தான்; ஆங்கிலம் கற்பவனுக்கு அதில் ஒன்றுமில்லை.

இந்தியா வேறோர் இடத்தில் முந்திவிட்டது. அங்குள்ள ஆங்கிலப் பட அலைவரிசைகள் பின்னாளில் ஆங்கில வசனத்துக்கு ஆங்கில எழுத்தையே அடியில் போட்டன. கேட்ட சொல்லை அக்கணமே எழுத்தில் பார்ப்பவனுக்கு உச்சரிப்பும் எழுத்துக்கூட்டலும் சேர்ந்து வருகின்றன. ஓரளவு தேறியவனுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. தொடக்கத்தில் நிற்பவனுக்கோ தாய்மொழி எழுத்து வேண்டும். அக்குறணைப் பிள்ளைக்குக் கிடைத்தது தாய்மொழியுமல்ல, ஆங்கிலமுமல்ல; மூன்றாவதொரு மொழியின் வழியாகச் சுற்றியே ஆங்கிலத்துக்குப் போனான்.

ஆங்கில ஆசிரியர்களே, இரண்டு நிமிடக் காட்சி ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். முதலில் எழுத்தோடு காட்டுங்கள், அடுத்து எழுத்தை மறைத்துக் காட்டுங்கள், பிறகு பிள்ளைகளையே நடிக்க விடுங்கள். தொலைக்காட்சி நிலையத்தாரே, ஆங்கிலக் குரலை அப்படியே விட்டு, அடியில் ஒரு வரி தமிழ் போடுங்கள்.