வேண்டுதலும் வழங்கலும்

கணினியோடு கமராவை இணைக்கும் முறைகளுள், படங்களை ஏற்றற்குரிய நினைவகப் பகுதிகளை வேண்டிப் பெறும் முறை திறனாய்வுக்குரியது. லினக்ஸ் பணிசெயல் முறைமையில் ‘வீடியோ ஃபார் லினக்ஸ்’ என்னும் இடைமுகத்தின் இரண்டாம் பதிப்பு 2002ஆம் ஆண்டில் இடம்பெற்றது. அதிலே ‘ஐஒக்டில்’ என்ற முறைமை அழைப்பின் வழியாகச் சாதனச் செலுத்திக்கு விடுக்கப்படும் வேண்டுகோள் ‘ரெக்பஃப்ஸ்’ எனப்படும்.

இதன் தேவை வெளிப்படை. 640 புள்ளி அகலமும் 480 புள்ளி உயரமுமுள்ள படமொன்று, புள்ளிக்கு 2 பைற்று வீதம், 614,400 பைற்று இடங்கொள்ளும். செக்கனுக்கு 30 படம் வரின், ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 33 மில்லிசெக்கனே உண்டு. செய்நிரல் ஒரு படத்தை ஆராயும்வரை கமரா காத்திராது. யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணற்றில் துலாவினால் இறைக்கும் நீர் பட்டை பட்டையாகவே மேலே வரும். இடையே ஒரு தொட்டி இருப்பின், அது வாய்க்காலில் ஒரே சீராக ஓடும். அத்தகைய தொட்டிகள் பலவற்றை முன்கூட்டியே அமைத்து, ஒன்று நிரம்பும்போது மற்றொன்றைப் பயன்படுத்துவதே இங்குக் கையாளப்படும் உபாயம்.

இவ்வமைப்பின் சிறப்பு, கேட்பவனும் கொடுப்பவனும் வேறென்பதை அது மறவாமையே. செய்நிரல் சிறு படிவமொன்றில், வேண்டிய தொகையையும், பயன்பாட்டின் வகையையும், நினைவகத்தின் வகையையும் எழுதி அனுப்புகிறது. செலுத்தியோ, தன் நிலைக்கேற்பக் குறைத்தோ கூட்டியோ வழங்கி, வழங்கிய தொகையை அதே இடத்தில் எழுதிவிடுகிறது. நான்கு கேட்டவனுக்கு இரண்டே கிடைத்தல் கூடும். அழைப்பு வெற்றி பெற்றது என்பதனால் கேட்டது முழுவதும் கிடைத்தது என்று கொள்ளலாகாது. விடையை வாசியாத செய்நிரல், இல்லாத மூன்றாம் தொட்டியைத் தேடித் தவறும். கற்போர் பலர் இடறுமிடம் இதுவே.

குறைகளும் உள. தொகை பூச்சியமாயின், முன் பெற்றவை யாவும் விடுவிக்கப்படும். பிற்காலத்தில், செலுத்தி எவ்வகை நினைவகங்களை ஏற்கும் என்பதை அறிதற்கும் அதே பூச்சியம் பயன்படலாயிற்று. அறிய விழைந்தவன் உள்ளதையும் இழக்க நேரும். ஒரு குறிக்கு இரு பொருள் ஏற்றுவது நல்லிலக்கணமன்று. மேலும், இவ்வழைப்பு எல்லாவற்றையும் ஒருங்கே அமைக்குமேயன்றி, இருப்பவற்றோடு ஒன்றிரண்டைச் சேர்க்க உதவாது. இக்குறையை நீக்குதற்கென, 2012ஆம் ஆண்டு வெளியான லினக்ஸ் 3.2 பதிப்பில் ‘கிரியேட்பஃப்ஸ்’ என்னும் வேறோர் அழைப்புச் சேர்க்கப்பட்டது.

இனி, தமிழில் இதனை எவ்வாறு வழங்குதல் வேண்டும்? சாமுவேல் கிறீன் மானிப்பாயிலே 19ஆம் நூற்றாண்டில் மேலைமருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த காலந்தொட்டு, கலைச்சொல் இம்மண்ணில் விளையாட்டுப் பொருளன்று. நோயாளியின் உயிரோடு தொடர்புடையதாகவே இருந்துவந்தது. ஆங்கிலத்தில் ‘பஃபர்’ எனப்படுவதற்கு ‘இடையகம்’ என்ற சொல் வழங்குகிறது. அது இருக்கும் இடத்தைக் காட்டுகிறதேயன்றித் தொழிலைக் காட்டவில்லை. ‘தாங்கல்’ என்பதோ, இரசாயனத்தில் ‘தாங்கற் கரைசல்’ என மாணவர் அறிந்த சொல்; வேடந்தாங்கல் என்னும் ஊர்ப்பெயரில் நீர்நிலையைக் குறிப்பதும் அதுவே. நிரம்புதலும் வெறுமையாதலும் அச்சொல்லிலேயே உள்ளன. ஆதலின் இதுவே ஏற்புடைத்து.

அவ்வாறே, இவ்வழைப்பினைக் ‘கட்டளை’ என்று பெயர்த்தல் பொருந்தாது. கட்டளையிட்டவன் நிறைவேறிற்று என்றே எண்ணி அமைவான். வேண்டியவனே கையிலே வந்ததை எண்ணிப் பார்ப்பான். ‘தாங்கல் வேண்டுகை’ என்று கற்கும் மாணவனுக்கு, விடையை வாசித்தல் வேண்டுமென்னும் விதியைத் தனியே உரைக்க வேண்டியதில்லை. அச்சொல்லே அதனை உணர்த்திவிடும். கலைச்சொல்லின் தகுதியை அளத்தற்கு இதனினும் தெளிவான கோல் வேறில்லை.