மாணாக்கர் இயல்பும் வகைப்பெயரும்

அமெரிக்க நாட்டு இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ் அம்மையார் இயற்றி, அவர் மறைந்த 1980-ஆம் ஆண்டில் வெளிவந்த 'கிஃப்ட்ஸ் டிஃப்பரிங்' என்னும் நூலின் கொள்கை, கல்லூரி மாணாக்கர் தம்மை அறிதற்கும் அகவாழ்வில் உயர்தற்கும் கருவியாகப் பலரால் எடுத்தாளப்படுகின்றது. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

சுவிட்சர்லாந்து உளநூல் அறிஞர் கார்ல் யுங் 1921-இல் வெளியிட்ட வகைக் கொள்கையே இதற்கு முதல். அகமுகம் புறமுகம், புலனறிவு உள்ளுணர்வு முதலிய நான்கு இணைகளில் ஒவ்வொன்றினும் ஒரு கூறு மிகுதலால் மாந்தர் 16 வகையினராவர் என்பதும், அவருள் உயர்வு தாழ்வு இல்லை, ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு கொடை என்பதும் அம்மையார் துணிபு. நூற்பெயரும் பவுலடியார் உரோமையர்க்கு எழுதிய திருமுகத்தினின்றும் எடுத்ததே. தன்னைப் பிறரோடு ஒப்பிட்டு நாணும் இளைஞனுக்கு இஃது ஆறுதல் தருமென்பதில் ஐயமில்லை.

நன்னூலாரும் மாணாக்கரை அன்னம், ஆ, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என எட்டு உவமையான் வகுத்துத் தலை, இடை, கடை எனத் தரமும் இட்டார். அது பாடங்கேட்கும் இயல்புபற்றி ஆசிரியன் கண்டறிவது. அம்மையாரின் வகையோ வினாத்தாளுக்கு மாணாக்கன் தானே தரும் விடையாற் பெறப்படுவது. ஆராயப்படுவோனே சான்றாளனும் ஆதலின், தான் இருக்குமாற்றை விடுத்து இருக்க விரும்புமாற்றை உரைத்தலும் கூடும். சில கிழமை கழித்து மீண்டும் வினவியவழி வேறு வகையினராகக் காணப்பட்டாரும் பலர். இரு முனைக்கும் இடையே நிற்பார் பலராக, நடுவே கோடிட்டு இருபாலாக்குதல் யாங்ஙனம் பொருந்தும்?

அற்றேல், ஆசிரியன் இடும் பெயர் பிழையாதோ எனின், பிழைக்கும். யான் பணியிலிருந்த காலத்து ஒரு மாணவனை வகுப்பார் கேட்ப 'இல்லிக்குடம்' என்றேன். அவன் தந்தையார் நோயுற்றுக் கிடந்தமையும், அவன் இரவெல்லாம் உறங்காமையும் பின்னரே அறிந்தேன். அதன்பின் அவன் என்பால் ஓர் ஐயமும் வினவிற்றிலன். வாயினின்றும் போந்த பெயரை மீட்டுக்கொள்ள என்னால் இயலவில்லை.

அண்மையில், கல்லூரியிற் பயிலும் இளைஞர் ஒருவரை அவையில் ஒரு பொருள்பற்றிப் பேசுமாறு வேண்டினேன். "ஐயா, யான் அகமுக வகையினன், அஃது எனக்கு ஒல்லாது" என்றார். யான் பிறனுக்கு இட்ட தளையை இவர் தமக்குத் தாமே இட்டுக்கொண்டார்.

இக்குற்றம் முழுதும் நூலின்பாற் படாது. மிகாத கூறுகளையும் வேண்டுமளவு பயின்று வளர்த்தல் வேண்டுமென அம்மையாரே விரித்துரைத்துள்ளார். பெயரை மட்டும் கொண்டு அவ்வறிவுரையைக் கைவிடுதலே பிழை. வகையென்பது மனம் முதலிய கருவிகளின் சாய்வு. கருவியை உயிரெனக் கொள்ளுதல் மயக்கமென்பது அன்பர்கள் அறிந்ததே.

ஆகலின், இவ்வினாத்தாளைத் தரும் ஆசிரியன்மார் விடையோடு ஒரு பயிற்சியும் தருக. ஓராண்டு கழித்து மீண்டும் நோக்குக. 'யான் இத்தகையன்' எனல் அறிவு. 'இத்தகையனே' எனத் தேற்றேகாரம் கொடுத்தல் வளர்ச்சிக்குத் தடை.