சாட்சியற்ற அறை: மூன்று தமிழ்த் திரைப்படங்களில் குழந்தையின் வளர்ச்சிக் குறைபாட்டைக் கண்டறிதல்

திறவுச்சொற்கள்: வளர்ச்சிக் குறைபாடு, ஆட்டிசம், கண்டறிதல், தாய்மை, தமிழ்த் திரைப்படம்

வளர்ச்சிக் குறைபாடுடைய குழந்தையை மையமாகக் கொண்ட தமிழ்த் திரைப்படங்கள் பெரும்பாலும் இரண்டு அளவுகோல்களால் மதிப்பிடப்படுகின்றன. குழந்தையாக நடித்தவரின் நடிப்பு மெய்யாக இருந்ததா என்பது ஒன்று. பார்வையாளரிடம் படம் பரிவை எழுப்பியதா என்பது மற்றொன்று. இவற்றுக்கு முந்திய வினா ஒன்று உண்டு. குழந்தையின் நிலையைக் கதைக்குள் யார் அறிகிறார், யார் சொல்ல அறிகிறார்? ‘அஞ்சலி’ (1990), ‘ஹரிதாஸ்’ (2013), ‘பேரன்பு’ (2019) ஆகிய மூன்றையும் இவ்வினாவோடு அணுகினால், நெறியாளர் மூவரும் தத்தம் வழியில் ஒரே செயலைச் செய்திருப்பது புலனாகும். குழந்தையை நாள்தோறும் கவனித்த பெண், அல்லது கவனித்திருக்க வேண்டிய பெண், கதை நகரத் தொடங்கும் முன்னரே அறிவின் களத்திலிருந்து அகற்றப்படுகிறாள்.

மணிரத்னத்தின் ‘அஞ்சலி’யில் இவ்வகற்றம் வெளிப்படையானது. குழந்தை இறந்தே பிறந்ததாகத் தாய் சித்ராவிடம் சொல்லப்படுகிறது. உண்மை மருத்துவருக்கும் தந்தை சேகருக்கும் இடையிலான இரகசியமாகி, இரண்டாண்டுகள் குடும்பத்துக்கு வெளியே வைக்கப்படுகிறது. தாயின் அதிர்ச்சியைத் தவிர்க்கும் அன்பாகவே படம் இதனைக் காட்டுகிறது. மகளைப் பற்றி அறியும் உரிமை தாய்க்கு உண்டு என்ற கோணம் அவளுடைய சினத்தில் சற்று நேரம் எரிந்து அணைந்துவிடுகிறது. இன்னொன்றும் கருதத்தக்கது. வளர்ச்சிக் குறைபாடும் உயிர்கொல்லும் நோயும் இப்படத்தில் ஒன்றாகக் கலக்கப்பட்டுள்ளன. விரைவில் இறக்கவிருக்கும் குழந்தைக்குப் பள்ளிச் சேர்க்கை தேவையில்லை. பேச்சுப் பயிற்சி தேவையில்லை. பெற்றோருக்குப் பின் யார் என்ற கவலையும் எழாது. அடுக்ககக் குடியிருப்போரின் வெறுப்பை நுட்பமாகக் காட்டிய படம், ஆதரவு பற்றிய கடினமான வினாக்களிலிருந்து மரணத்தின் வழியே தப்பித்துக்கொள்கிறது.

ஜி.என்.ஆர். குமாரவேலனின் ‘ஹரிதாஸ்’ இவ்வகையில் ஒரு பெரிய முன்னகர்வு. ‘ஆட்டிசம்’ என்ற சொல்லை ஊடகச் செய்தியாகவும் கேட்டிராத பார்வையாளரிடம், அது நோயன்று, இயல்பின் வேறொரு வகை என்று இப்படம் பேசியது. அப்பங்களிப்பைக் குறைத்து மதிப்பிடல் கூடாது. எனினும் கண்டறிதல் நிகழும் முறையே இங்கு ஆய்வுக்குரியது. காவல்துறை அதிகாரியான சிவதாஸ் தம் மகனோடு வாழ்ந்தவர் அல்லர். தாயை இழந்த சிறுவனை வளர்த்தவர் பாட்டி. அவரும் இறந்த பின்னரே மகன் தந்தையிடம் வந்துசேர்கிறான். ஆகவே, தம் மகனைப் பற்றி ஏதும் அறியாத ஒருவர் மருத்துவர்முன் அமர்கிறார். மருத்துவர் விளக்க, அவர் கேட்டுக்கொள்கிறார். அவரோடு திரையரங்கும் கேட்டுக்கொள்கிறது. பார்வையாளருக்குப் பாடம் சொல்வதற்கு வசதியான உத்திதான். ஆனால் இவ்வுத்திக்குக் கொடுக்கப்பட்ட விலை பாட்டியின் சாட்சியம்.

எந்த வயதில் சிறுவன் பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாதிருந்தான், எந்த ஒலிக்குக் காதைப் பொத்தினான், முதலில் பேசிய சொற்களைப் பின்னர் இழந்தானா, எதை உண்ண மறுத்தான் என்பனவற்றை அறிந்தவர் அவரே. இவை வெறும் குடும்ப நினைவுகள் அல்ல. ஆட்டிசத்தை உறுதிசெய்யும் குருதிச் சோதனையோ மூளைப் படமோ இன்றளவும் இல்லை. நேரடி உற்றுநோக்கலும் வளர்த்தவர் கூறும் வரலாறுமே அதற்குரிய சான்றுகள். 2009ஆம் ஆண்டு இந்தியாவில் வெளியிடப்பட்ட ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல் 40 கூறுகளைக் கொண்டது. ஒவ்வொரு கூறும் ஐந்து படிநிலைகளில் மதிப்பிடப்படுகிறது. மொத்த மதிப்பெண் 70ஐ எட்டும்போது ஆட்டிசம் எனக் கொள்ளப்படுகிறது. குழந்தையோடு பழகியவர் ஒருவர் விடையளிக்காமல் இவ்வளவுகோலை நிறைவுசெய்தல் அரிது. அவ்விடைகளைத் தரக்கூடிய ஒரே மாந்தரைக் கதை முன்னதாகவே இறக்கச் செய்துவிட்டது.

ஆட்டிசம் மருத்துவ இலக்கியத்தில் நுழைந்த வரலாற்றையே இதற்கு எதிர்ச்சான்றாகக் காட்டலாம். 1938இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த தந்தை ஒருவர், தம் ஐந்து வயது மகனைப் பற்றி 33 பக்கக் கடிதம் ஒன்றை மருத்துவர் லியோ கேனருக்கு அனுப்பினார். 11 குழந்தைகளைப் பற்றி 1943இல் கேனர் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையின் முதல் குழந்தை அச்சிறுவனே; அவனைப் பற்றிய பகுதி அக்கடிதத்தைப் பெரிதும் சார்ந்துள்ளது. பெற்றோரின் எழுத்தே இங்குக் கண்டறிதலின் முதல் ஆவணம். அதே கட்டுரையின் இறுதிப் பகுதியில் கேனர் பெற்றோரிடம் கனிவு குறைந்திருந்ததாகக் குறிப்பிட்டதும், அது பின்னர்த் தாயரைக் குற்றவாளிகளாக்கும் கோட்பாடாக வளர்ந்ததும், 1964இல் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்னும் உளவியலாளர் (அவரும் ஆட்டிசம் உடைய சிறுவனின் தந்தை) அதனை மறுத்து நூல் எழுதியதும் தனியே விரிக்கத்தக்கன. சாட்சி சொல்ல வந்தவரே குற்றக்கூண்டில் நிறுத்தப்பட்டார் என்பது மட்டும் இவண் போதும்.

‘ஹரிதாஸ்’ படத்தின் பிற்பகுதி பள்ளியையும் ஓட்டப் பயிற்சியையும் சுற்றி அமைகிறது. ஆசிரியை அமுதவல்லியின் தடுமாற்றமும் கற்றலும் படத்தின் சிறந்த பகுதிகள். சிறுவனின் ஓட்டத் திறமையோ, குறைபாட்டுக்கு ஈடாகச் சிறப்பாற்றல் ஒன்று இருந்தே தீர வேண்டும் என்ற திரைமரபின் எதிர்பார்ப்புக்கு இடங்கொடுக்கிறது. ஓடத் தெரியாத ஹரிக்கு இக்கதையில் இடமிருந்திருக்குமா?

படத்தில் முற்றிலும் இடம்பெறாதது சான்றிதழ். படம் வெளிவந்த 2013இல், மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டமே நடைமுறையில் இருந்தது. அச்சட்டம் ஏற்ற ஏழு வகைகளுள் ஆட்டிசம் இல்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தை உள்ளடக்கியிருந்தபோதிலும், சலுகைகளுக்கு வேண்டிய சான்றிதழுக்காகப் பல குடும்பங்கள் ‘மனவளர்ச்சி குன்றியவர்’ என்ற வகைக்குள் தம் குழந்தையை அடக்கிக்கொள்ள நேர்ந்தது. 21 வகைகளை ஏற்ற 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் ஆட்டிசம் தனித்த இடம் பெற்றது. ‘இது மனவளர்ச்சிக் குறை அன்று, ஆட்டிசம்’ என்று திரையில் கற்பிக்கப்பட்ட காலத்தில், மருத்துவக் குழுவின்முன் அதற்கு நேர்மாறான பெயரை ஏற்கும் நிலையில் பெற்றோர் இருந்தனர். இதைவிடக் கூர்மையான நாடக முரண் ஒரு திரைக்கதையாசிரியருக்குக் கிடைத்தல் அரிது, அது பயன்கொள்ளப்படவில்லை.

ராமின் ‘பேரன்பு’ மூளை முடக்குவாதம் உடைய பதின்பருவப் பெண்ணைப் பற்றியது. கண்டறிதல் இங்கு முடிந்துபோன செய்தி. ஆதரவு தேடலே கதை. அவ்வகையில் மூன்றனுள் துணிவு மிக்க படம் இதுவே எனலாம். மகளின் பூப்பு, அவளைத் தூய்மைப்படுத்தும் அன்றாடப் பணி, பராமரிப்பு இல்லத்தில் நிகழும் கொடுமை ஆகியவற்றைத் தமிழ்த்திரை அதற்கு முன் இவ்வளவு நேராக நோக்கியதில்லை. ஆயினும் அமைப்பு பழையதே. பல்லாண்டுகள் வெளிநாட்டில் இருந்து திரும்பும் அமுதவன் தம் மகளை அறியாதவர். அறிந்த மனைவியோ வீட்டை விட்டுச் சென்றுவிடுகிறாள். படம் அவளைக் கொடியவளாகத் தீட்டவில்லை என்பது பாராட்டுக்குரியது. ஆனால் அவள் தனித்துச் சுமந்த ஆண்டுகள் பன்னிரண்டு இயல்களில் ஓர் இயலாகவும் இடம்பெறவில்லை. தந்தை புதிதாகக் கற்பவை யாவும் அவள் முன்பே கற்றவை என்ற உணர்வைப் படம் ஓரளவே தருகிறது. அவர் கற்பது காவியமாகிறது. அவள் கற்றது கதைக்கு வெளியே நின்றுவிடுகிறது.

அறியாத ஆண் அறிபவனாக மாறுதல் கதைக்கு வளைவைத் தருகிறது; ஏற்கெனவே அறிந்த பெண் மருத்துவமனைக்கும் பயிற்சி மையத்துக்கும் ஆண்டுக்கணக்கில் நடத்தலில் அத்தகைய வளைவு இல்லை என்று திரைக்கதை மரபு கருதுகிறது போலும். உரைநடை அவ்வாறு கருதவில்லை. ஆட்டிசம் உடைய மகனை வளர்க்கும் தாயான லக்ஷ்மி பாலகிருஷ்ணனின் ‘எழுதாப் பயணம்’ போன்ற தன்வரலாற்று நூல்கள், திரையில் அகற்றப்பட்ட அதே பார்வைநிலையிலிருந்து எழுதப்பட்டவை. இவ்விரு வகைமைகளையும் அருகருகே வைத்து ஆராயும் பணி தமிழில் விரிவாக நிகழவேண்டியுள்ளது.

அவ்வாய்வில் சொற்களும் இடம்பெற வேண்டும். ‘மதியிறுக்கம்’, ‘தன்முனைப்புக் குறைபாடு’, ‘ஆட்டிசம்’ எனப் பல சொற்கள் தமிழில் வழங்குகின்றன. அரசின் நலத்திட்டக் குறிப்புகளிலோ ‘புற உலகச் சிந்தனையற்ற’ என்ற தொடர் காணப்படுகிறது. கதவு மணி அடித்ததும் தன் மகன் எந்த அறைக்குள் ஓடி ஒளிவான் என்பதை அறிந்த தாய், அவன் புற உலகைச் சிந்திப்பதில்லை என்று சொல்லும் தாளில் கையொப்பமிட்டே உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறாள்.