திரும்பத் திரும்பக் கேட்கும் விண்டோஸ்: சூளைக் கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் அகல் விளக்கும் பீங்கான் ப்யூஸ் கேரியரும் சுட்டெடுக்கும் சிறு பட்டறை அது. சூளையின் வெப்பநிலையைப் பதிவு செய்யும் அவர்களுடைய மென்பொருள் விண்டோஸ் 7-ஐத் தாண்டி நகராது. பழைய கணினி ஓய்ந்துபோகவே, புது லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் 7.0 போட்டு, அதற்குள் ஒரு மெய்நிகர் கணினியில் விண்டோஸ் 7-ஐ ஏற்றினோம்.

சூளை வேலைக்கு இது நன்றாகவே ஈடுகொடுக்கிறது. வெப்பநிலைக் கருவியின் யூஎஸ்பி இணைப்பை மெய்நிகர் கணினிக்குத் திருப்பிவிட்டால், மென்பொருளுக்கு இடம் மாறியதே தெரியவில்லை. 7.0 முதல் யூஎஸ்பி 2.0, 3.0 வசதிகள் அடிப்படைத் தொகுப்பிலேயே வருகின்றன. முன்பு இதற்கு எக்ஸ்டென்ஷன் பேக் என்ற கூடுதல் தொகுப்பு வேண்டியிருந்தது. வணிகப் பயன்பாட்டுக்கு அது இலவசமல்ல. அது இல்லாமலே முடிவது சிறுதொழில் செய்பவருக்குப் பெரிய நிம்மதி.

தொல்லை நெட்வொர்க்கில் வந்தது. காலையில் இயந்திரத்தைத் திறந்தால், 'இது வீட்டு நெட்வொர்க்கா, அலுவலகமா, பொது இடமா?' என்று விண்டோஸ் கேட்கும். பதில் சொன்னாலும் மறுநாள் அதே கேள்வி. வேலையாள் ஒருவர் 'வீடு' என்பார், இன்னொருவர் 'பொது' என்பார். 'பொது' என்ற நாளில் ஃபயர்வால் கதவைச் சாத்திவிடும். உரிமையாளரின் கணினியிலிருந்து சூளைப் பதிவுக் கோப்புகளைத் திறக்க முடியாது.

விண்டோஸ் ஒரு நெட்வொர்க்கை அடையாளம் காண்பது முக்கியமாக கேட்வேயின் மேக் முகவரியை வைத்துத்தான். வைஃபை பெயர் மாறாவிட்டாலும் அந்த முகவரி மாறினால் அதற்கு இது புது ஊர். பட்டறையில் இணையம் வருவது செல்போன் ஹாட்ஸ்பாட்டில். இன்றைய ஆண்ட்ராய்டு போன்கள் பல, பாதுகாப்புக்காக ஹாட்ஸ்பாட்டின் மேக் முகவரியை மாற்றிக்கொள்கின்றன. மெய்நிகர் கணினியோ 'பிரிட்ஜ்டு' முறையில் நேராகப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தது. கேள்வி ஓயாததற்குக் காரணம் இதுதான்.

ரெஜிஸ்ட்ரியில் 'நியூநெட்வொர்க்விண்டோஆஃப்' என்ற கீயைச் சேர்த்தால் அந்த ஜன்னல் வராது. பலரும் சொல்லும் வைத்தியம் இது. நான் பரிந்துரைக்க மாட்டேன். ஜன்னல்தான் மறையும். புது நெட்வொர்க் ஒவ்வொன்றையும் விண்டோஸ் சத்தமில்லாமல் 'பொது' என்றே வைத்துக்கொள்ளும், கோப்புகள் பூட்டியே கிடக்கும்.

'நாட்' முறைக்கு மாற்றியதும் கேள்வி நின்றது. அதில் கேட்வே விர்ச்சுவல்பாக்ஸே உருவாக்கும் 10.0.2.2, வெளியே போன் எப்படி மாறினாலும் உள்ளே அது மாறாது. ஆனால் நாட்டில் வெளியிலிருந்து மெய்நிகர் கணினிக்குள் நேரே நுழைய முடியாது. கோப்புகளுக்கு விர்ச்சுவல்பாக்ஸின் ஷேர்டு ஃபோல்டரைப் பயன்படுத்தினோம். அது நெட்வொர்க் அடாப்டரை நம்பியிருப்பதில்லை, கெஸ்ட் அடிஷன்ஸ் இருந்தால் போதும்.

நாட்டிலும் கேள்வி தொடர்ந்தால் ஸ்னாப்ஷாட்டைப் பாருங்கள். பதில் சொல்வதற்கு முன் எடுத்த ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் பதிலும் அழிந்துபோகும். பதிலளித்த பிறகு புதிதாக ஒன்று எடுங்கள். குளோன் செய்யும்போது புதிய மேக் முகவரி உருவாக்கச் சொல்லாதீர்கள், பழையதையே வைத்திருக்கச் சொல்லுங்கள். மூலமும் நகலும் ஒரே நெட்வொர்க்கில் ஒன்றாக ஓடப்போகின்றன என்றால் மட்டும் மாற்றுங்கள். விர்ச்சுவல்பாக்ஸுக்குப் பதிலாக மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வியை நினைத்தால், அதன் டிஃபால்ட் ஸ்விட்ச் லேப்டாப்பை மறுதொடக்கம் செய்யும்போது ஐபி வரம்பை மாற்றிக்கொள்வதால், அங்கேயும் இந்தத் தொல்லை உண்டு. தவிர விண்டோஸ் ஹோம் பதிப்பில் ஹைப்பர்-வி கிடையாது. விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோ 2024 நவம்பரிலிருந்து வணிகத்துக்கும் இலவசம், அதையும் முயலலாம்.

விண்டோஸ் 7-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2020 ஜனவரி 14-உடன் நின்றுவிட்டன. சூளைப் பதிவுக்கு இணையம் தேவையே இல்லை. ஆகவே என் தீர்ப்பு: விர்ச்சுவல்பாக்ஸை தாராளமாகப் பயன்படுத்துங்கள், நெட்வொர்க் அமைப்பில் 'கேபிள் கனெக்டட்' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். யூஎஸ்பியும் ஷேர்டு ஃபோல்டரும் அப்போதும் வேலை செய்யும்.